மதுரை வெக்கையில ஆப்பிள் சைடரும் வினிகரும்: நான் போடுற முறை

ஆப்பிள் சைடர் வினிகர் வீட்டுலயே போடுறவங்க இப்ப நம்ம ஊர்ப்பக்கம் நெறைய பேர் இருக்காங்க. முக்காவாசிப் பேர் பண்றது என்னன்னா தோலையும் நடுத்தண்டையும் ஒரு பாட்டில்ல போட்டு சர்க்கரைத் தண்ணி ஊத்தி துணி கட்டி ஒரு மாசம் மறந்துட்டு அப்புறம் வடிகட்டி எடுத்துக்குறது. வினிகர்னு ஒண்ணு அதுலயும் வரும். ஆனா கடையில வாங்குறதவிட ருசியா, மணமா, தைரியமா ஊறுகாய்ல ஊத்துற அளவுக்கு காரமா வேணும்னா இந்த வேலைய ரெண்டாப் பிரிக்கணும். முதல்ல ஜூஸ் சைடராகணும், அதாவது ஆப்பிள் ஜூஸ் புளிச்சு ஆல்கஹால் உள்ள பானமாகணும், அது ஈஸ்ட்டோட வேலை. அதுக்கப்புறம் சைடர் வினிகராகணும், அது பாக்டீரியாவோட வேலை. ஈஸ்ட்டுக்கு காத்து படக் கூடாது, குளிர்ச்சி வேணும். பாக்டீரியாவுக்கு காத்து நல்லா படணும், வெதுவெதுப்பு வேணும். மதுரையில உக்காந்துகிட்டு இதப் பண்ணும்போது நம்ம வெக்கை முதல் பாதியில எதிரி, ரெண்டாவது பாதியில கூட்டாளி. இத மட்டும் பிடிச்சுக்கிட்டா மத்த எல்லாம் தானா வசத்துக்கு வந்துரும்.

எனக்கு இந்தக் கிறுக்கு பிடிச்சது எங்க பெரியப்பா மகனாலதான். அண்ணன் இங்கிலாந்துல பிரிஸ்டல்ல இருக்காரு. பக்கத்துல சாமர்செட், அங்கிட்டு ஹியர்ஃபோர்ட்ஷயர், எல்லாமே சைடருக்குப் பேர் போன ஊருங்க. அங்க சொந்த உபயோகத்துக்கு வீட்டுல சைடர் போட்டுக்கலாம், அண்ணனும் மதினியும் வருசா வருசம் அக்டோபர்ல கராஜ்ல வச்சுப் போடுறாங்க. நான் போயிருந்தப்ப மதினி ஒரு ஆப்பிளக் கையில குடுத்து கடிச்சுப் பாரு தம்பின்னாங்க. கடிச்சதும் பல்லு, நாக்கு, அண்ணம் எல்லாம் இழுத்துப் பிடிச்சிருச்சு, அப்படி ஒரு துவர்ப்பு. டேபினெட், கிங்ஸ்டன் பிளாக்னு சைடருக்குன்னே இருக்குற வகைங்க, சாப்பிடுறதுக்கு ஆகாது. அந்தத் துவர்ப்பு, அதாவது டானின், அதுதான் சைடருக்கு உடம்பு குடுக்குறது. நம்ம ஊருக்கு வர்ற காஷ்மீர் ஆப்பிள், சிம்லா ஆப்பிள் எல்லாம் சாப்பிடுற ஆப்பிள், இனிப்பு உண்டு, புளிப்பு கம்மி, துவர்ப்பு சுத்தமா கெடையாதுன்னே சொல்லலாம். அதுக்கு என்ன பண்றதுன்னு கீழ சொல்றேன்.

சட்ட விசயத்த முதல்லயே சொல்லிர்றேன். தமிழ்நாட்டுல 1937ஆம் வருச மதுவிலக்குச் சட்டம் இருக்கு, லைசென்ஸ் இல்லாம வீட்டுல போதைப் பானம் தயாரிக்கக் கூடாது. அதனால அண்ணன் மாதிரி சைடரோட நிறுத்தி பாட்டில்ல அடைச்சு வைக்கிற வேலை இங்க கெடையாது, நானும் பண்றதில்ல. எனக்கு சைடர்ங்கிறது வினிகருக்குப் போற வழியில ஒரு ஸ்டேஷன், அவ்வளவுதான். ஈஸ்ட் வேலை முடிஞ்ச கையோட பழைய வினிகர ஊத்திருவேன், அதுக்கப்புறம் அது யாரும் குடிக்கிற பானமா இருக்காது. அம்மாவுக்கு ஆரம்பத்துல பெரிய பயம், வெசச் சாராயம் மாதிரி எதும் ஆயிருமோன்னு. பழ ஜூஸ் புளிக்கும்போது மெத்தனால் உண்டாகுறது ரொம்ப ரொம்பக் கொஞ்சம், அத காய்ச்சி வடிச்சு சேக்குற வேலையே இதுல கெடையாதுன்னு உக்காத்தி வச்சு விளக்கினப்புறம்தான் சமையக்கட்டுல ஒரு மூலைய விட்டுக் குடுத்தாங்க.

ஆப்பிள் வாங்குற கதைக்கு வருவோம். புது ஆப்பிள் வரத்து ஆகஸ்ட்ல இருந்து நவம்பர் வரைக்கும், அதுக்கு மேல வர்றது கோல்டு ஸ்டோரேஜ் சரக்கு. கோல்டு ஸ்டோரேஜ் பழத்துல ஜூஸ் வரும், ஆனா மாவு மாதிரி ஆயிருக்கும், பிழியும்போது உயிரெடுக்கும். மாட்டுத்தாவணி பழ மார்க்கெட்டுக்கு காலையில வெள்ளன போனீங்கன்னா பெட்டி பிரிச்சு தரம் பிரிக்கும்போது அடிபட்ட பழத்த தனியா ஒதுக்கி வச்சிருப்பாங்க, அது நல்ல பழ வெலையில பாதிக்கும் கீழயே கெடைக்கும். நான் வழக்கமா வாங்குற அக்கா இப்பல்லாம் என்னப் பாத்ததும், "தம்பி, அந்த மூணாவது பெட்டிய எடுத்துக்க, அடி மட்டும்தான் பட்டிருக்கு, அழுகல் ஒண்ணு கூட இல்ல"ன்னு சொல்லிரும். இந்த அடிக்கும் அழுகலுக்கும் உள்ள வித்தியாசம் ரொம்ப முக்கியம். அடிபட்டு கன்னிப்போன இடத்த கத்தியால சீவிட்டு மிச்சத்த எடுத்துக்கலாம். பூஞ்சை பிடிச்சு அழுகுன பழத்த முழுசா தூக்கிப் போட்டுரணும், அழுகுன பாகத்த மட்டும் வெட்டிட்டு மத்தத சேக்குறது வேணாம். ஆப்பிள் அழுகல்ல வர்ற சில பூஞ்சைங்க பாட்டுலின்னு ஒரு நஞ்சை உண்டாக்கும், அது கண்ணுக்குத் தெரியாம பழத்துக்குள்ளயும் எறங்கியிருக்கும்.

வகைய கலந்து வாங்குறது நல்லது. நல்ல செவப்பு டெலிசியஸ் வகை பெரும்பங்கு, அதுல நாலுல ஒரு பங்கு பச்சை ஆப்பிள் சேத்தா புளிப்பு வந்துரும். டானினுக்கு டீத்தூள். 5 லிட்டர் ஜூஸுக்கு ஒரு டம்ளர் நல்ல கடுங்காப்பி நெறத்துக்கு கட்டன் டீ போட்டு, பால் சர்க்கரை எதும் இல்லாம, நல்லா ஆற வச்சு ஊத்துங்க. சைடர் போடுறவங்க துவர்ப்பு இல்லாத ஆப்பிளுக்கு பண்ற பழைய வித்தை இது. நீலகிரி டீத்தூள் நம்மகிட்ட இருக்கும்போது டானின் பொடிய ஆன்லைன்ல தேடி காசு குடுக்க வேணாம். இது வினிகரான பிறகும் நிக்கும், நாக்குல ஒரு பிடிமானம் இருக்கும், வெறும் புளிப்பா ஓடிப் போகாது.

பழத்து மேல மெழுகு பூசியிருப்பாங்க, வெதுவெதுப்பான தண்ணியில ஆப்பசோடா கொஞ்சம் போட்டு நல்லா தேச்சுக் கழுவணும். அப்புறம் நான் பண்றது, நாலா வெட்டி கொட்டைய எடுத்துட்டு கவர்ல போட்டு ஒரு ராத்திரி ஃப்ரீசர்ல வச்சிருவேன். காலையில எடுத்து வெளிய வச்சு உருக விட்டா பழம் தொளதொளன்னு ஆயிருக்கும். உள்ள தண்ணி உறைஞ்சு விரியும்போது செல் சுவரு உடைஞ்சு போயிரும், அதனால ஜூஸ் சுளுவா வரும். மிக்ஸியில விட்டு விட்டு ஒரு சுத்து, மையா அரைக்கக் கூடாது, மையா அரைச்சா துணியில அடைச்சுக்கும். பழைய வேட்டித் துணிய வெந்நியில கொதிக்க வச்சு எடுத்து, அதுல அள்ளிப் போட்டு முறுக்கிப் பிழிஞ்சா முதல்ல வர்ற ஜூஸ் இளம் பச்சையா தெளிவா வரும், நாலஞ்சு நிமிசத்துல உங்க கண்ணு முன்னாடியே தேன் கலருக்கு மாறி அப்புறம் டீ கலருக்குப் போகும். பயப்பட வேணாம், காத்துபட்டு கறுக்குறதுதான், புளிக்கும்போது பாதி வெளுத்துரும். பத்து கிலோ பழத்துக்கு வீட்டுல இந்த மாதிரி பிழிஞ்சா 5 லிட்டர் வாக்குல எதிர்பாக்கலாம். கொதிக்க மட்டும் வச்சிராதீங்க, பெக்டின் இறங்கி ஜாம் மாதிரி கொழகொழன்னு ஆயிரும், கடைசி வரைக்கும் தெளியாது, சமைச்ச வாசமும் போகாது.

இனிப்பு எவ்வளவு இருக்குன்னு பாக்க ஹைட்ரோமீட்டர் ஒண்ணு வாங்கிக்குங்க, பெரிய வெலை இல்ல. தண்ணிய 1.000ன்னு வச்சு அடர்த்திய காட்டுற கருவி, சர்க்கரை கூடக் கூட எண்ணும் கூடும். வீட்டுல பால் பாக்குற லாக்டோமீட்டர் இருந்தா அதுவும் இதே வேலையத்தான் செய்யுது, ஆனா அது வழக்கமா 1.040 வரைக்கும்தான் காட்டும், நல்ல ஆப்பிள் ஜூஸ் 1.045ல இருந்து 1.055 வரைக்கும் நிக்கும், அதனால ஆரம்பத்துல பத்தாது, கடைசியில பாக்க ஆகும். எதுக்கு இந்தக் கணக்குன்னா, சர்க்கரைதான் ஆல்கஹாலாகும், ஆல்கஹால்தான் அசிட்டிக் ஆசிடாகும். 1.045ல ஆரம்பிச்சு 1.000க்கு இறங்குனா கிட்டத்தட்ட 6 சதவீதம் ஆல்கஹால், அது முழுசா மாறுனா ஏறக்குறைய 5, 6 சதவீதம் ஆசிட் வரணும், ஆவியாப் போறது, மாறாம நிக்கிறது எல்லாம் கழிச்சு வீட்டுல 4ல இருந்து 5 கெடைக்கும். நம்ம நாட்டு உணவு விதிப்படி புளிக்க வச்சு எடுக்குற வினிகர்ல கொறஞ்சது 3.75 சதவீதம் அசிட்டிக் ஆசிட் இருக்கணும். தோலும் சர்க்கரைத் தண்ணியும் போடுற முறையில பல நேரம் இது வர்றதில்ல, காரணம் இப்ப புரிஞ்சிருக்கும், ஆரம்பத்துலயே சர்க்கரை பத்தல. ஜூஸ் 1.040க்கு கீழ இருந்தா சர்க்கரை சேத்துக்கலாம், லிட்டருக்கு 17, 18 கிராம் போட்டா ஆல்கஹால் ஒரு சதவீதம் கூடும். அளவுக்கு மேல போட்டும் பிரயோஜனம் இல்ல, ஆல்கஹால் பத்து சதவீதத்துக்கு மேல போச்சுன்னா பாக்டீரியா திணறும்.

ஈஸ்ட்டுக்கு பேக்கரி ஈஸ்ட்டே போதும், வினிகர்தானே கடைசியில. ஒயின் ஈஸ்ட் கெடைச்சா இன்னும் சுத்தமா வாசம் வரும். 5 லிட்டருக்கு ஒரு கிராம், அதாவது கால் டீஸ்பூன்னு வச்சுக்குங்க, வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு பதினஞ்சு நிமிசம் விட்டு ஊத்துங்க. ஒரு சிலர் ஸ்குவாஷ் கெடாம இருக்க சேக்குற கே.எம்.எஸ் (பொட்டாசியம் மெட்டா பை சல்ஃபைட்) பவுடர இதுலயும் போடலாமான்னு கேக்குறாங்க. சைடரோட நிறுத்துறவங்க அளவா போடுவாங்க. நமக்கு அடுத்து பாக்டீரியா வரணும், கே.எம்.எஸ் அதுகளத்தான் முதல்ல சாய்க்கும், அதனால வேணாம். பாத்திரம் கண்ணாடி, இல்ல நல்ல பீங்கான் ஊறுகா ஜாடி. அலுமினியம், பித்தளை, செம்பு பக்கமே போகக் கூடாது. முக்காவாசிதான் நிரப்பணும், நொரை பொங்கும். மூடிய இறுக்கி அடைச்சிராதீங்க, உள்ள கார்பன் டை ஆக்சைடு சேந்து வெடிச்சிரும். மூடியில ஓட்டை போட்டு மீன் தொட்டிக்கு விக்கிற ட்யூப சொருகி, சுத்தி எம்சீல் வச்சு, ட்யூபோட மறுநுனிய ஒரு பாட்டில் தண்ணியில முக்கி வச்சிருங்க. உள்ள இருந்து காத்து குமிழ் குமிழா வெளிய போகும், வெளிய இருந்து உள்ள வராது.

இப்ப சூடு. பிரிஸ்டல்ல அண்ணன் கராஜ்ல 12, 15 டிகிரியில சைடர் பைய பைய மாசக்கணக்குல புளிக்குது, அதனாலதான் ஆப்பிள் வாசம் அதுல தங்குது. நமக்கு மே மாசம் வெளிய 38, 40ன்னு போகுது, வீட்டுக்குள்ளயே ராத்திரி பத்து மணிக்கும் 34 இருக்கும். அந்த சூட்டுல ஈஸ்ட் ரெண்டு மூணு நாள்ல எல்லாத்தையும் தின்னு தீத்துரும், பொங்குற வேகத்துல வாசமும் சேந்து வெளிய போயிரும், தின்னர் மாதிரி ஒரு காட்டமான வாடை பின்னாடி நிக்கும். அந்த வாடை வினிகர்லயும் தொடரும். அதனால கார்த்திகை கடைசியில இருந்து தை முடிய உள்ள நாளுதான் முதல் கட்டத்துக்கு நம்ம ஊர்ல சரியான நாளு. மார்கழியில ராத்திரி 20, 21 வரைக்கும் எறங்கும், புது ஆப்பிள் வரத்து முடிஞ்சும் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும்.

அப்பவும் பகல்ல 28, 29 வந்துரும். அதுக்கு மானாமதுரை மண்தொட்டி. அகலமான, பூசாத மண்தொட்டியா பாத்து வாங்கி, அதுல பாதிக்கு தண்ணி ஊத்தி ஜாடிய உள்ள எறக்கி வச்சிருங்க. ஜாடி மேல ஒரு பருத்தித் துண்ட சுத்தி அதோட நுனி தண்ணியில கெடக்குற மாதிரி விட்டா, தண்ணிய உறிஞ்சிக்கிட்டே இருக்கும், ஜன்னல் காத்து பட்டு ஆவியாகிக்கிட்டே இருக்கும். ஒட்டுற தெர்மாமீட்டர் பட்டை ஒண்ணு ஜாடியில ஒட்டி வச்சிருக்கேன், ரூம் 29 காட்டும்போது ஜாடி 24, 25ல நிக்கும். மழை பெய்ஞ்சு காத்து ஈரமா இருக்குற நாள்ல இது சரியா வேலை செய்யாது, வறண்ட காத்துலதான் பேசும். தொட்டித் தண்ணிய ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாத்திருங்க, கொசு வந்துரும்.

இந்தக் குளிர்ச்சியில புளிப்பு ஒரு வாரம், பத்து நாள்னு ஓடும். நடுவுல அழுகுன முட்டை வாடை வந்தா பதறாதீங்க. ஆப்பிள் ஜூஸ்ல ஈஸ்ட்டுக்கு வேண்டிய நைட்ரஜன் கம்மி, பசியில அது கந்தக வாடைய விடும். ஆரம்பத்துலயே பத்துப் பன்னெண்டு உலர் திராட்சைய நறுக்கிப் போட்டா கொஞ்சம் கொறையும். முடிஞ்ச பிறகும் வாடை நின்னா வேற ஜாடிக்கு மாத்தும்போது உயரத்துல இருந்து சளசளன்னு ஊத்துங்க, போயிரும். சைடரோட நிறுத்துறவங்க அப்படி காத்து படவே விட மாட்டாங்க, நமக்கு அடுத்து காத்துதான் வேணும்ங்கிறதால பிரச்சினை இல்ல.

ருசி பாக்குறது எப்படின்னு அண்ணன்கிட்டதான் கத்துக்கிட்டேன். "டேய், வாயில வைக்கிறதுக்கு முன்னாடி மூக்குல வச்சுப் பாரு, மூக்கு சொன்னப்புறம் நாக்குகிட்ட கேளு"ன்னாரு. தெனம் ஒரே நேரத்துல ஒரு ஸ்பூன் எடுத்து, மோந்து பாத்து, நாக்குல உருட்டி துப்பிருவேன், நோட்டுல எழுதி வைப்பேன். முதல் ரெண்டு நாள் ஜூஸ் இனிப்பு தெரியும், நாக்குல சுருக் சுருக்குன்னு காத்து குத்தும். நடுவுல ஒரு நாள் இனிப்பும் புளிப்பும் சரிசமமா நின்னு ஆப்பிள்னா இதுதான் ஆப்பிள்னு சொல்ற மாதிரி ஒரு மணம் வரும். அப்புறம் இனிப்பு போயிரும், போனதும் வெறும் புளிப்பும் டீ குடுத்த துவர்ப்பும் மட்டும் வெளிய தெரியும், கொஞ்சம் வெறுமையா இருக்கும். சாப்பிடுற ஆப்பிள்ல போட்ட சைடரோட கொறையே இதுதான், இனிப்பு போயிட்டா உள்ள சரக்கு கம்மி. பச்சை ஆப்பிளும் டீயும் சேத்த ஜாடிக்கும் சேக்காத ஜாடிக்கும் இந்த இடத்துலதான் வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒருக்கா ருசி பாத்தீங்கன்னா அப்புறம் டீ சேக்காம போடவே மாட்டீங்க.

குமிழ் நின்னு, ஹைட்ரோமீட்டர் ரெண்டு மூணு நாளா 1.000ல இருந்து நகரலன்னா முதல் கட்டம் முடிஞ்சது. அடியில வெள்ளையா சேறு மாதிரி ஈஸ்ட் படிஞ்சிருக்கும், அத கலக்காம மேல உள்ளத ட்யூப் வச்சு இன்னொரு ஜாடிக்கு எறக்குங்க. இந்த ஜாடி வாய் அகலமா இருக்கணும், எவ்வளவு பரப்பு காத்துல படுதோ அவ்வளவு சீக்கிரம் மாறும். அதுல வடிகட்டாத, சூடுபடுத்தாத பழைய வினிகர மூணுல ஒரு பங்கோ நாலுல ஒரு பங்கோ ஊத்துங்க. முதல் தடவை போடுறவங்க கடையில 'மதர்', அதாவது உயிருள்ள பாக்டீரியா ஆடை இருக்குன்னு போட்டு விக்கிற ஆப்பிள் சைடர் வினிகர் வாங்கிக்கலாம், தெளிவா வடிகட்டி வர்ற வினிகர்ல உயிர் இருக்காது, அது ஆகாது. இப்படி ஊத்துறதுல ரெண்டு நன்மை. பாக்டீரியா உள்ள போகுது, ஆரம்பத்துலயே புளிப்பு ஏறிடுறதால பூஞ்சையும் பக்கத்துல வராது. துணி நாலு மடிப்பா போட்டு இறுக்கிக் கட்டி, இருட்டான எடத்துல வைங்க. மண்தொட்டி இனி தேவையில்ல. 28, 30 டிகிரிதான் அசிட்டோபாக்டர்ங்கிற இந்த வினிகர் பாக்டீரியா ரொம்ப விரும்புற சூடு, மாசி பங்குனியில நம்ம வீட்டு ஷெல்ஃபுல அது சும்மாவே இருக்கு. குளிர் நாட்டுல இதுக்கு ஹீட்டிங் மேட் வாங்குறாங்க.

ஃபிரான்ஸ்ல ஓர்லியான்னு ஒரு ஊரு, அங்க பீப்பாயில ஒயின பாதி நிரப்பி காத்தோட்டமா வச்சு மாசக்கணக்குல வினிகராக்குற முறை பல நூறு வருசமா இருந்துச்சு. இத உயிருள்ள ஒண்ணுதான் பண்ணுதுன்னு 1860கள்ல லூயி பாஸ்டர்ங்கிற ஃபிரெஞ்சு விஞ்ஞானிதான் ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சாரு. நாம ஜாடியில பண்றதும் அதே ஓர்லியான் முறைதான், சின்ன அளவுல.

ஒரு வாரம் பத்து நாள்ல மேல மெல்லிசா ஒரு ஆடை படியும், பால் ஆடை மாதிரி, கொஞ்சம் கண்ணாடித்தனமா வழவழன்னு. அதுதான் மதர். ஆட்டக் கூடாது, கலக்கக் கூடாது. மூழ்கிட்டா அதுக்கு காத்து கெடைக்காது, புதுசா மேல ஒண்ணு கட்ட ஆரம்பிக்கணும், நாளாகும். இதுல மூணு விதமான படலத்த பிரிச்சுத் தெரிஞ்சு வச்சுக்கணும். வழவழன்னு ஒரே தகடா இருந்தா மதர். வெள்ளையா சுருக்கம் சுருக்கமா, மாவு தூவுன மாதிரி இருந்தா அது காம் ஈஸ்ட், கெடுதல் இல்ல, வாசத்த கொஞ்சம் கெடுக்கும், ஸ்பூனால வழிச்சு எடுத்துட்டு இன்னும் கொஞ்சம் பழைய வினிகர் ஊத்துங்க. பச்சை, கறுப்பு, பஞ்சு மாதிரி ரோமம் ரோமமா இருந்தா பூஞ்சை. அதுல யோசிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல, மொத்தத்தையும் கீழ ஊத்திட்டு ஜாடிய கொதிக்கிற வெந்நியில கழுவிருங்க.

பழ ஈ பெரிய தொல்ல. துணியில ஊசி போற சந்து இருந்தா கூட உள்ள போயிரும், உள்ள போனா புழு வைக்கும், வினிகர் ஈல்னு சொல்ற நூல் மாதிரி பூச்சியையும் கொண்டு வந்துரும். கொசுவலைத் துணி பத்தாது, நெருக்கமா நெய்த பழைய வேட்டி, பாவாடைத் துணி மாதிரி இருக்கணும், ரப்பர் பேண்டு ரெண்டு போடணும். பக்கத்துல ஒரு டம்ளர்ல கொஞ்சம் வினிகரும் ஒரு சொட்டு பாத்திரம் விளக்குற லிக்விடும் விட்டு வச்சா எல்லாம் அங்க போய் விழும்.

ரெண்டாவது வாரம் மூணாவது வாரத்துல நகப்பாலிஷ் வாடை வரலாம். ஆல்கஹாலும் ஆசிடும் சேந்து எத்தில் அசிடேட் ஆகுறது, நடுக்கட்டத்துல சகஜம், காத்து நல்லா பட்டா, நாளாக ஆக போயிரும். வெயில் ஏறி 35க்கு மேல போனா இந்த வாடை ஜாஸ்தியாகும், பாக்டீரியாவும் சோர்ந்து போகும். அதனால அக்னி நட்சத்திரத்துக்கு முன்னாடியே வேலைய முடிச்சு பாட்டில்ல அடைச்சிர்ற மாதிரி கணக்குப் பண்ணிக்குங்க. தையில சைடர் முடிஞ்சா ஆறு வாரம் எட்டு வாரத்துல, பங்குனிக்குள்ள வினிகர் ஆயிரும்.

ஆயிருச்சான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? நாக்கு பாதி சொல்லும், பி.எச் பேப்பர் ஆசிட் எத்தன சதவீதம்னு சொல்லவே சொல்லாது, அத நம்பாதீங்க. எங்க தெருவுல ஒரு ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி சார் இருக்காரு, ஆசிட் எவ்வளவுன்னு அளக்குற டைட்ரேஷன அவர்தான் எனக்கு சொல்லிக் குடுத்தாரு. பிளஸ் டூல எல்லாரும் பண்ணினதுதான், அப்ப எதுக்குன்னு தெரியாம பண்ணோம். 5 மில்லி வினிகர ஒரு கண்ணாடி டம்ளர்ல எடுத்து, கொஞ்சம் தண்ணி விட்டு, ரெண்டு சொட்டு ஃபினால்ஃப்தலீன் விட்டாச்சு. ஒரு நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல, அதாவது லிட்டருக்கு 40 கிராம் கரைச்சது, சிரிஞ்சில எடுத்து சொட்டு சொட்டா விடணும். சொட்டு விழுற இடத்துல ரோஸ் கலர் எட்டிப் பாத்து, டம்ளர சுழட்டுனதும் மறைஞ்சு போகும், மறுபடி எட்டிப் பாக்கும், மறையும். சார் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டு, "இனிமே அரைச் சொட்டு, அரைச் சொட்டு"ன்னு பக்கத்துல நின்னாரு. கடைசியா ஒரு சொட்டுக்கு மொத்த டம்ளரும் இளம் ரோஸா நின்னுச்சு, மறையல. சிரிஞ்சில எத்தன மில்லி போச்சோ அத 1.2ஆல பெருக்குனா வினிகர்ல உள்ள ஆசிட் சதவீதம். 3.3 மில்லி போனா 4 சதவீதம். ஆப்பிளோட சொந்த மாலிக் ஆசிடும் இதுல கொஞ்சம் சேந்துக்கும், ஆனாலும் வீட்டுக் கணக்குக்கு இது போதும். சோடியம் ஹைட்ராக்சைடு தோல்ல பட்டா அரிச்சிரும், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து, கிளவுஸ், கண்ணாடி இல்லாம தொடாதீங்க, புள்ளைங்க இருக்குற வீட்டுல பூட்டி வைங்க.

அளந்து பாக்காத வினிகர ஊறுகாய்க்கு நம்பி வெளிய வைக்காதீங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதனாலதான். 5 வந்தா பூண்டு ஊறுகாய்க்கு தைரியமா ஊத்தலாம். அதுக்கு கீழன்னா சாலட், வெங்காயம், மட்டன் ஊற வைக்கிறது இந்த மாதிரி அன்னன்னிக்கு தீர்ற வேலைக்கு வச்சுக்கலாம்.

ஆசிட் ஏறி நின்ன பிறகு திறந்தே வச்சிருந்தா அதே பாக்டீரியா ஆசிடையே தின்ன ஆரம்பிச்சிரும், காரம் கொறைஞ்சு தண்ணியாப் போகும். அதனால நின்ன உடனே வடிகட்டி, கழுத்து வரைக்கும் நிரப்பி, இறுக்கி மூடணும். அடுத்த வருசத்துக்கு ஒரு பாட்டில் மட்டும் அப்படியே உயிரோட எடுத்து வச்சுட்டு மிச்சத்த 65 டிகிரிக்கு சூடு பண்ணி அடைச்சா பாட்டிலுக்குள்ள புதுசா ஆடை கட்டாது. உலோக மூடியா இருந்தா உள்ள அரிக்கும், பிளாஸ்டிக் மூடி நல்லது. அடைச்சு மூணு மாசம் கழிச்சு தொறந்தா அதே வினிகரான்னு கேக்குற அளவுக்கு முரட்டுத்தனம் அடங்கி, ஆப்பிள் வாசம் பின்னாடி இருந்து முன்னாடி வந்திருக்கும். ருசி பாக்கும்போது சும்மா குடிக்காதீங்க, ஒரு ஸ்பூனுக்கு பத்து ஸ்பூன் தண்ணி விட்டுப் பாருங்க, இல்ல வெள்ளரித் துண்டுல தொட்டுப் பாருங்க.

ஒடம்புக்கு என்ன பண்ணும்னு கேக்குறவங்களுக்கு, சாப்பாட்டோட எடுத்தா சர்க்கரை ஏறுறது கொஞ்சம் கொறையுதுன்னு சில சின்ன ஆய்வுகள் இருக்கு, அதுக்கு மேல வாட்சாப்புல வர்ற எதையும் நான் நம்புறதில்ல. தண்ணி கலக்காம குடிச்சா பல் எனாமல் போயிரும், தொண்டையும் புண்ணாகும். சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்குறவங்க டாக்டர்கிட்ட கேக்காம தொடங்காதீங்க. என்னைக் கேட்டா இது மருந்தில்ல, சமையல் சாமான். கறிதோசைக்கு பக்கத்துல நீளமா அரிஞ்ச வெங்காயத்துல இத ரெண்டு ஸ்பூன் விட்டு உப்பு போட்டு பெசஞ்சு பத்து நிமிசம் வச்சு சாப்பிட்டுப் பாருங்க. நன்னாரி சர்பத்துல எலுமிச்சைக்குப் பதிலா ஒரு ஸ்பூன் விட்டா நன்னாரி வாசத்த இது மறைக்காம தூக்கி விடும், எங்க வீட்டுல சித்திரை மாசம் பூரா இதுதான் ஓடுது.

ஆப்பிள் வடக்க இருந்து வரணும், கொடைக்கானல் பேரிக்காய் நம்ம மலையிலயே இருக்கு. ஆடி ஆவணியில வத்தலக்குண்டு ரோட்டுலயும் மதுரைத் தள்ளுவண்டியிலயும் குவிஞ்சு கெடக்கும். அந்த கட்டிப் பேரிக்காய் பத்து நாள் வைக்கோல்லயோ பேப்பர்லயோ சுத்தி கனிய வச்சுப் பிழிஞ்சா நல்ல ஜூஸ் வரும். பேரியில சார்பிட்டால்னு ஒரு வகை இனிப்பு இருக்கு, அத ஈஸ்ட்டால தின்ன முடியாது, அதனால ஹைட்ரோமீட்டர் 1.000க்கு வராம 1.005, 1.010 பக்கம் நின்னுட்டாலும் வேலை முடிஞ்சிருச்சுன்னு எடுத்துக்கணும், அந்த மிச்ச இனிப்பு வினிகர் வரைக்கும் வந்து புளிப்ப மெதுவாக்கும். ஒரே சிக்கல் ஆடி மாசத்து சூடு, அதுக்கு மண்தொட்டி தண்ணியில தெனம் ரெண்டு பாட்டில் ஐஸ் போட வேண்டியிருக்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு அந்தக் கவலை கெடையாது, வருசம் பூரா வரத்து இருக்குறதால மார்கழிக்கே தள்ளி வச்சுக்கலாம், காம்பு எடுத்து கையாலயே மசிச்சு தோலோட புளிக்க விட்டா டானினுக்கு டீயும் தேவைப்படாது.